பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு உதிரிப்பாகம் தேடுதல்

ஆலை ஓடிக்கொண்டிருக்க, அதனை நடத்தும் தானியங்கிச் சாதனங்களைச் செய்தவர்கள் அவற்றின் உற்பத்தியை நிறுத்திவிட்டபின், அவற்றுக்குரிய கார்டு, ரிலே, பவர் சப்ளை முதலியவற்றை வேறு வழிகளில் கண்டெடுத்து, பரிசோதித்து, ஸ்டோரில் சேமித்து வைக்கும் காரியம் இப்பெயரால் வழங்கும். தாமிரபரணியின் வண்டலால் கடலைப் பறிகொடுத்த கொற்கையின் வாணிபம் காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்த அதே கரையில், துறைமுகத்தின் அருகே, கப்பலில் வரும் நிலக்கரியையும் கடல்நீரையும் கொண்டு இயங்கிவந்துள்ள தூத்துக்குடி அனல்மின் நிலையம், இக்காரியத்தின் இயல்பை விளக்குதற்குத் தக்க உதாரணமாகும்.

இந்நிலையத்தின் ஐந்து அலகுகளும் தலைக்கு 210 மெகாவாட் திறன் உடையவை. முதல் மூன்றும் 1979, 1980, 1982 ஆகிய ஆண்டுகளிலும், ஏனைய இரண்டும் 1991, 1992 ஆகிய ஆண்டுகளிலும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்குள் கருவியியல் அடியோடு மாறிவிட்டது. எழுபதுகளின் இறுதியில் எழுந்த மின்நிலையங்களில் ரிலேக்களும், காற்றழுத்தக் கருவிகளும், தனித்தனி டிரான்சிஸ்டர்கள் கோத்த கார்டுகளும் செய்த வேலையைத் தொண்ணூறுகளில் நுண்செயலிகள் ஏற்றுக்கொண்டன. டிக் மார்லியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஆக்கிய மோடிகான் என்னும் முதல் பி.எல்.சி. (நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி) 1969இல் வெளிவந்தது. சீமென்ஸ் நிறுவனத்தின் சிமாட்டிக் எஸ்5 வரிசையோ, தூத்துக்குடியின் முதல் அலகு ஓடத் தொடங்கிய அதே 1979இல் தோன்றி, தொண்ணூறுகளின் நடுவில் வந்த எஸ்7 வரிசைக்கு இடம்விட்டு ஒதுங்கியது. நாற்பதாண்டு உழைக்கும் கொதிகலனுக்கு, பதினைந்து இருபது ஆண்டுகளில் விலைப்பட்டியலிலிருந்து மறைந்துவிடும் கருவியைப் பூட்டுவதே இத்தொல்லைக்கெல்லாம் மூலகாரணம்.

கொதிகலனின் குழாய் வெடித்தால், கொதிகலன்கள் செய்யும் திருச்சிராப்பள்ளி பெல் ஆலை இருக்கிறது. வரைபடம் கையில் இருக்குமாயின், டர்பைனின் உறுப்பொன்றைக்கூட நல்ல லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ள முடியும். கட்டுப்பாட்டுக் கார்டுக்கு அவ்விதப் புகலிடம் இல்லை. நாட்டின் அனல்மின் நிலையங்கள் பலவற்றுக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் பொருட்டு 1964இல் மத்திய அரசு தோற்றுவித்த இன்ஸ்ட்ருமெண்டேஷன் லிமிடெட் நிறுவனத்தின் கோட்டா ஆலையை மூடுவதற்கு 2016இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஓர் ஆலை மூடப்படும்போது பொருள் நின்றுபோவதைவிட, எந்தக் கார்டுக்கு எந்தக் கார்டு ஈடாகும் என்பதை அறிந்த மனிதர்கள் கலைந்துபோவதே பெரிய நஷ்டம் என்பது என் துணிபு.

கடற்கரை இக்கருவிகளின் ஆயுளைக் குறைக்கிறது. உப்புக்காற்று கார்டின் செப்புத் தடங்களையும் இணைப்பு ஊசிகளையும் அரிக்கும். கந்தகம் கலந்த காற்று ரிலேயின் வெள்ளி முனைகளைக் கறுக்கச் செய்யும். மின்னாற்பகு மின்தேக்கிகளின் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்துவிடுவதால் பவர் சப்ளை தடுமாறும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. இக்காரணத்தால், பேனல் அறையின் குளிர்சாதனத்தைச் சௌகரியக் கணக்கில் எழுதும் நிர்வாகம், அதே தொகையைப் பன்மடங்காக உதிரிப்பாகக் கணக்கில் எழுத நேரிடும். பெட்டி பிரிக்காமல் இருபதாண்டு ஸ்டோரில் கிடந்த கார்டும் புதியதன்று. அதன் மின்தேக்கிகளும் மூப்படைந்தே இருக்கும்.

தேடும் வழிகளில் தலைசிறந்தது உள்ளூரிலேயே உள்ளது. ஒரே காலத்தில் அமைந்த அலகுகளில் ஒன்றைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் கார்டுகள், மற்றவற்றுக்கு நம்பத்தக்க இருப்பாகின்றன. ஆகவே அவற்றைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுமுன் கட்டுப்பாட்டுப் பிரிவின் சம்மதம் பெறுவது அவசியம். அடுத்தது பழுதுபார்த்தல்: சென்னை ரிச்சி தெருவில் மின்தேக்கியும் டிரான்சிஸ்டரும் கிடைக்கும் வரையில், கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் பல கார்டுகளுக்கு மறுபிறவி அளிப்பான். மூன்றாவது, குஜராத்தின் ஆலங் கரையில் உடைக்கப்படும் கப்பல்களிலிருந்து கழற்றிய தானியங்கிக் கருவிகளைப் பாவ்நகர் வியாபாரிகள் துடைத்துச் சோதித்து உலகெங்கும் அனுப்பும் சந்தை. ஒரே கம்பெனியின் கருவி கப்பலிலும் ஆலையிலும் பயன்படுவதால் அங்கே அபூர்வமான பொருளும் அகப்படுவதுண்டு. புதுப்பிக்கப்பட்ட உதிரிப்பாகத்தை அயல்நாட்டிலிருந்து தருவிப்போர், அதன் மூல ஆயுளில் குறைந்தது 80 சதவீதம் எஞ்சியுள்ளதென்று பட்டயப் பொறியாளரின் சான்றிதழ் காட்ட வேண்டும். பெயர் மாற்றி அச்சிட்ட போலிச் சில்லுகளும் இச்சந்தையில் உலவுவதால், விலை மிகக் குறைவாயிருப்பது எச்சரிக்கையாகவே கொள்ளத்தக்கது. அரசு ஸ்தாபனங்களுக்கோ 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொதுவழி. ஒருவரிடமே கிடைக்கும் பொருளுக்கு அதில் விலக்கு உண்டெனினும், அதை நியாயப்படுத்தும் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் பாவ்நகரில் இருந்த கார்டு வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும்.

எந்நிலையில் தேடுவதை நிறுத்திவிட்டு முழு அமைப்பையும் மாற்றுவது என்பது கருத்து வேறுபாட்டுக்குரியது. சில வேளைகளில் விபத்தே அவ்வினாவை எழுப்பிவிடும்: 2025 மார்ச்சில் மூண்ட தீயால் தூத்துக்குடியின் முதலிரு அலகுகளும் முடங்கியபோது, கேபிள்களே பொசுங்கியதால், கார்டு கார்டாகப் பார்ப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. சாதாரண நிலையிலோ தேடல் தொடரும்; அப்போது இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) எழுதுவோர் மாதிரி எண்ணோடு அதன் திருத்த எழுத்தையும் தவறாமல் குறிக்க வேண்டும். ஒரே எண்ணும் வேறு எழுத்தும் உடைய கார்டு சொருகுவாயில் பொருந்தியும் இயங்காதிருப்பது உண்டு. நுண்செயலிக் கார்டாயின் பொருளோடு நிரலும் தேவை. நினைவகத்தைக் காக்கும் மின்கலம் தீர்ந்தால் நிரல் அழியும். கண்ணாடிச் சாளரமுள்ள ஈப்ராம் என்னும் நினைவகச் சில்லிலோ, மேல் ஒட்டிய தாள் உரிந்து ஒளி பட்டால் நாளடைவில் தகவல் மங்கும். ஆதலின் நிரலின் பிரதியையும், அதை ஏற்றுதற்குரிய டாஸ் மென்பொருளும் சீரியல் போர்ட்டும் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றையும், மற்ற உதிரிப்பாகங்களைப் போலவே எண் இட்டு ஸ்டோர் பேரேட்டில் பதிந்து வைத்தல் வேண்டும்.