சதுரங்கப் படைவகுப்பு

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு அங்கங்களை உடைய சேனைக்கு வழங்கிய சதுரங்கம் என்னும் பெயரே, அச்சேனையைப் பலகைமேல் நிறுத்திப் பொருதும் விளையாட்டுக்கும் பெயராயிற்று. யானை ஒன்று, தேர் ஒன்று, குதிரை மூன்று, காலாள் ஐந்து கொண்டது ஒரு பத்தி. பத்தியை ஏழு முறை மும்மடங்காக்கிப் பின் பதின்மடங்காக்கினால் 21,870 யானைகளும் அத்தனை தேர்களும் 65,610 குதிரைகளும் 1,09,350 காலாட்களும் அடங்கிய ஓர் அக்குரோணி ஆகும் என்பது பாரதக் கணக்கு. இது களத்தில் எண்ணிய கணக்கன்று, கற்பனைக் கணக்கே எனினும், சிறு அலகிலிருந்து பேரலகை அடுக்கிக் காட்டும் முறை, போர் விளையாட்டுகளிலும் காணப்படுகிறது.

நீர்ப்படையும் பலகையில் இடம்பெற்றது. நால்வர் பகடை உருட்டி ஆடும் வங்கச் சதுரங்கத்தில், ஒவ்வொருவருக்கும் அரசன், யானை, குதிரை, நான்கு காலாட்களோடு, தேருக்குப் பதிலாக ஓர் ஓடம் உண்டு. ஆறுகள் பின்னிக் கிடக்கும் அந்நாட்டில் தேரினும் ஓடமே போருக்கு உதவும் என்பதை நினைத்தால் இம்மாற்றம் வியப்புக்குரியதன்று. தமிழ்நாட்டில் யானை என வழங்கும் மூலைக்காயை ருசியர் இன்றும் ஓடம் என்றே அழைக்கின்றனர். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் 1824-இல் வகுத்த பயிற்சி விளையாட்டோ, கட்டங்களை விடுத்து, 1:8,000 அளவுள்ள நிலப்படத்தின்மேல் படைப்பிரிவுகளை நகர்த்தி, இரண்டு நிமிஷப் போரை ஒரு முறையாகக் கொண்டது.

ஆயினும், படை யாரால் ஆயது, எதனால் பிழைக்கிறது என்னும் கேள்வியைப் பலகை கேட்பதில்லை. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாகப் பகுத்தது அக்கேள்விக்கு விடையாகும். உண்மையான படைத்தலைவனுக்கு நான்கு அங்கங்களினும் இந்த ஆறு வகையே அதிகம் பயன்படும் எனலாம். தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூரை இருப்பிடமாகக் கொண்ட ஊற்றுமலைப் பாளையம், படை யாரால் ஆயது, எதனால் பிழைத்தது என்பதற்கு நல்ல உதாரணம். மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்த 72 பாளையங்களுள் ஒன்றாக எண்ணப்பெறும் இதுபோன்ற மறவர் பாளையங்களில் தேர்ப்படை என்பதில்லை. நீண்ட ஈட்டியும் வாளும் வளரியும் பிற்காலத்தில் துப்பாக்கியும் ஏந்திய காலாட்களே பிரதானம். வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கும், ஒரு பங்கு படைக்கும், எஞ்சியது பாளையக்காரருக்கும் என்பது ஏற்பாடு. ஆதலின் சேனையின் அளவை நிர்ணயித்தது அக்குரோணிக் கணக்கன்று, வயலின் விளைச்சலே.

1801-ஆம் ஆண்டு இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியார் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டனர். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. படைச் செலவு நீங்கிய ஊற்றுமலை அரண்மனையில், பின்னாளில் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் அவைப்புலவராக இருந்தார்.