பாலாற்றங்கரை வளைவு வாயில்கள்

ஆற்காட்டில் பாலாற்றின் தென்கரையில் நிற்கும் டெல்லி கேட், கர்நாடக நவாபுகளின் தலைநகரைச் சுற்றியிருந்த அரணில் இன்று எஞ்சியுள்ள ஒரே வாயில். வளைவின் மேலே ஓர் அறை உண்டு. அதற்குக் ‘கிளைவ் அறை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. இங்கிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாலாற்றுப் பாதையில், வளைவு என்ற கட்டட உத்தி எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைப் பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

அந்த வரலாற்றை வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தம். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழ் எழுந்த இக்கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் முழுக்க முழுக்கத் தூணும் உத்தரமுமாக நிற்பது. கருங்கல் பெரும் பாரத்தை ஏற்றினாலும் எளிதில் நசுங்காது. ஆனால் குறுக்கே கிடத்தி மேலே சுமை வைத்தால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால்தான் கல்யாண மண்டபத்தில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. தூண் தலையில் இருபுறமும் நீளும் போதிகை, உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளியை இன்னும் குறைக்கிறது. யாளியும் குதிரை வீரனும் பாய்ந்தெழும் அந்தத் தூண்களை வியந்து பார்ப்பவர்கள், அந்த நெருக்கமே கல்லின் குணத்தால் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வளைவு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை மரச் சாரத்தின் மீது இருபுறமிருந்தும் அடுக்கி, உச்சிக்கல்லைப் பொருத்தியபின் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அதன்பின் எந்தக் கல்லும் கீழே விழ முடியாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே நிற்கும். மேலே சுமை ஏற ஏறக் கற்களுக்கிடையே பிடிப்பு இறுகும். ஆனால் அந்தச் சுமை கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்க இருபுறமும் கனத்த சுவர் வேண்டும். கோட்டை வாயிலுக்கு வளைவு அவ்வளவு பொருந்தி வந்ததற்கு இதுவே காரணம்: தடித்த மதில் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

இந்த நுட்பம் முஸ்லிம் ஆட்சியோடுதான் இந்தியாவுக்கு வந்தது என்று பலரும் எழுதுவது முழு உண்மை அல்ல. குப்தர் காலத்துப் பீதர்காவ் செங்கல் கோயிலிலேயே உண்மையான வளைவு இருக்கிறது. அது பரவலாகி, டெல்லியில் 1311இல் எழுந்த அலாய் தர்வாசா போன்ற வாயில்களாகவும் ஐதராபாத்தில் 1591இன் சார்மினாராகவும் பெருகியது சுல்தான்கள் காலத்தில். ஹம்பியின் தாமரை மஹாலிலும், வேலூருக்கு வடக்கே சந்திரகிரி ராஜ மஹாலிலும் விஜயநகர அரசர்களே வளைவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இறைவனின் இருப்பிடத்துக்கு உத்தரம், அரச மாளிகைக்கு வளைவு என அவர்கள் பிரித்துக்கொண்டது தெளிவான தேர்வு. அவர்களுக்கு வளைவு தெரியாது என்று சொல்வதற்கு இடமில்லை.

18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் வாயில்கள் போரின் மையமாயின. 1749இல் ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் முற்றுகையில் திருச்சிராப்பள்ளிக்குள் சிக்கினார். அந்த முற்றுகையைத் தளர்த்தத்தான் 1751இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் ஆற்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்தார். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் சுமார் ஐம்பது நாள் முற்றுகையிட்டார். முகரம் நாளில் நடந்த இறுதித் தாக்குதலில், கதவுகளை உடைக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை முன்னே ஓட்டினார்கள். எந்தக் கோட்டைக்கும் வாயில்தான் பலவீனமான இடம். மதிலைப் பிளப்பதைவிட மரக்கதவை முட்டித் திறப்பது எளிது. ஆனால் துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பித் தம் படையையே மிதித்தன. வாயில் தாக்குப்பிடித்தது.

வேலூரில் அப்படி நடக்கவில்லை. 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்ற, செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்தார் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி. அவர் மட்டும் கயிற்றைப் பிடித்து மதிலேறினார். பின்னால் வந்த பீரங்கி உள்வாயிலைத் தகர்க்க, குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதே 1806இல் பாரிசில் நெப்போலியன் தன் படையின் வெற்றிக்காக ஒரு மாபெரும் வளைவுக்கு ஆணையிட்டான். 50 மீட்டர் உயர அந்த ஆர்க் து திரியோம்ஃப் 1836இல்தான் முடிந்தது. கதவும் இல்லாத, மதிலும் இல்லாத அந்த வாயில் யாரையும் தடுப்பதற்கானதல்ல. ரோமில் டைட்டஸ் பேரரசனின் வளைவு தொட்டு வரும் மரபு அது. டெல்லியின் இந்தியா கேட் (1931), மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா (1924), அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் 1965இல் முடிந்த 192 மீட்டர் உயர எஃகு வளைவு எல்லாம் இந்த வரிசையில் சேரும்.

தமிழ்நாட்டில் இந்த நினைவு வளைவுகள் கான்கிரீட்டில் எழுந்தன. சென்னை அண்ணா நகரின் அண்ணா வளைவு 1986இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பள்ளிவாசல்களில் வளைவுக்கு இன்னொரு பணி: தொழுகைக் கூடத்தின் சுவரில் குழிந்திருக்கும் மிஹ்ராப் மக்கா இருக்கும் திசையைக் காட்டுகிறது. அதன் வழியே யாரும் நுழைவதில்லை. ஆனால் எல்லோரும் அதை நோக்கியே நிற்கிறார்கள்.

டெல்லி கேட் இப்போது 2019இல் பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 1783இல் ஆற்காட்டைக் கைவிட்டபோது திப்பு சுல்தான் அரண்களைத் தகர்த்தார். இருபுறமும் தாங்கிய மதில் போனபின்னும் இந்த வளைவு நிற்பது, அதைக் கட்டிய பெயர் தெரியாத கொத்தனார்களின் திறமை. கிளைவின் பெயர் அவர்களுடைய வேலையை மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது. இத்தகைய வளைவுகளைப் பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசக் கூடாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்து, பழைய செங்கல்லையும் கல்லையும் பொரியச் செய்யும். உச்சியில் வேர்விடும் ஆலும் அரசும் கற்களைப் பிரிப்பதற்குள் அவற்றை வேரோடு எடுத்துவிட வேண்டும்.