கம்பவுண்டரும் பதிவேடும்: மருந்தாளுநர் தொழிலின் வரலாற்றில் ஒரு விடுபட்ட பெயர்

மைசூர் சமஸ்தானத்தின் முதல் மருத்துவக் கல்லூரி 1924இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு 1930இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. அதே நகரில் ஜே.எஸ்.எஸ். ஃபார்மசி கல்லூரி 1973இல் தொடங்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே 43 ஆண்டுகள். மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கி மருந்தாக மாற்றிக் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் அக்காலத்தில் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர்கள் அல்லர். மக்கள் அவர்களைக் கம்பவுண்டர் என்றே அழைத்தனர்.

கம்பவுண்டரின் பணி இன்று நினைவிலிருந்தே மறைந்துவிட்டது. உப்புகளைத் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, நீரில் கரைத்து மிக்ஸ்சர் தயாரிப்பது அவர் வேலை. நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டியில் அதை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டும்படி ஓரங்கள் வெட்டப்பட்ட காகிதப் பட்டையை அதன்மேல் ஒட்டித் தருவார். எழுத்தறியாத நோயாளிக்கும் அந்தப் பட்டை அளவைச் சொல்லியது. இத்திறன் மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றது. அதற்குச் சான்றிதழ் இருக்கவில்லை.

இந்நிலையை முதலில் கேள்விக்கு உட்படுத்தியது 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட மருந்து விசாரணைக் குழு. கலப்பட மருந்துகளும் வீரியம் குறைந்த மருந்துகளும் சந்தையில் பெருகியிருந்தன. மருந்தின் தரத்தோடு அதைக் கையாள்பவரின் கல்வியையும் சட்டம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று குழு 1931இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் ஃபார்மசிக் கல்விக்கு அடித்தளமிட்டார். எனினும் அரசு முதலில் கவனித்தது பொருளையே. மருந்துச் சட்டம் 1940இல் வந்தது. மருந்து கொடுக்கும் மனிதரைப் பற்றிய ஃபார்மசி சட்டம் 1948 மார்ச் 4 அன்றுதான் வந்தது.

அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு வரலாற்று மாணவர் கூர்ந்து படிக்கத்தக்கது. முதற் பதிவேட்டில் இடம்பெற அது பல வழிகளைத் திறந்தது. ஃபார்மசியில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் பதியலாம். கம்பவுண்டர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தேறியவரும் பதியலாம். இவை எதுவும் இல்லாதவர், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ குறைந்தது 5 ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவத்தைக் காட்டினால் போதும். கையின் அறிவைத் தாளின் அறிவுக்கு நிகராகச் சட்டம் ஏற்றது அந்த ஒரு முறைதான். அதன்பின் பொது வாயில் கல்வித் தகுதி மட்டுமே. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், பர்மா, இலங்கை, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து தாயகம் திரும்பியோருக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் தனிவழி ஒன்றை அமைத்தது.

பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறெவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கலாகாது என்பது 42ஆம் பிரிவு. அது நடைமுறைக்கு வரும் நாளை மாநிலங்களே குறிக்கலாம் என 1948இல் விடப்பட்டது. நாள் குறிக்காத மாநிலங்களிலும் 1984 செப்டம்பர் முதல் அது தானாகவே செல்லும் என்ற நிலையைப் பின்னர் வந்த திருத்தங்கள் உருவாக்கின. சட்டம் இயற்றிய பின்னும் 36 ஆண்டுகள் அவகாசம் தேவைப்பட்டது என்பதே, கம்பவுண்டர் இன்றி மருத்துவமனைகள் இயங்கவில்லை என்பதற்கான சான்று.

இதற்குள் தொழிலின் உள்ளடக்கமே மாறிவிட்டது. ஆலைகளில் செய்த மாத்திரைகள் மிக்ஸ்சர் புட்டியை அகற்றின. கலப்பதற்குரிய உரிமை சட்டத்தில் உறுதியானபோது, கலக்க வேண்டிய மருந்து ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. எஞ்சியது சீட்டைப் பிழையின்றி வாசிப்பதும், ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளைக் கண்டறிவதும், நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும். மைசூர் ஜே.எஸ்.எஸ். கல்லூரி 1996இல் ஃபார்மசி பிராக்டிஸ் துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கி மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசென்றது இந்த மாற்றத்தின் பின்னணியில்தான்.

இன்று இத்தொழிலுக்கு வரும் குறைந்தபட்ச வழி டி.ஃபார்ம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், ஈராண்டுப் படிப்பு, அதன்பின் 500 மணிநேரச் செய்முறைப் பயிற்சி, இறுதியில் மாநிலக் கவுன்சிலில் பதிவு. 1991ஆம் ஆண்டு விதிகள் அந்த 500இல் குறைந்தது 250 மணிநேரம் சீட்டுக்கு மருந்து வழங்குவதிலேயே கழிய வேண்டும் என்றன. பழைய கம்பவுண்டரின் 5 ஆண்டுகள் சுருங்கி எஞ்சிய இடம் அது.

அமெரிக்காவில் மருந்தகத் தொழில்நுட்பருக்குத் தேசிய அளவில் சான்றளிக்கும் வாரியம் 1995இல் உருவானது. பிரிட்டனில் 2011 முதல் அவருக்குப் பதிவு கட்டாயம். இந்தியச் சட்டம் அத்தகைய இடைநிலையை ஏற்படுத்தவில்லை. மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் மருந்து வழங்கப்படலாம் என்று மருந்து விதிகள் கூறுகின்றன. ஆனால் அந்த மேற்பார்வையின்கீழ் கடையில் நின்று மருந்தை எடுத்துத் தருபவருக்குக் கட்டாயப் பாடத்திட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. கம்பவுண்டருக்கு ஒரு பெயராவது இருந்தது. தவறு நேர்ந்தால் யார் கை என்று ஊர் அறியும். இன்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தரும் கை யாருடையது, அது எங்கே எதைக் கற்றது என்பதை 1948இன் பதிவேடு நமக்குச் சொல்வதில்லை.