மலைக்காற்றும் நம் கடமையும்



தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்வோர் எப்பக்கம் திரும்பினும் மலையையே காண்பர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவர். கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். வடக்கே பழனி மலையின் தென்சரிவு. இவற்றின் நடுவே அமைந்ததே கம்பம் பள்ளத்தாக்கு. ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் பொழிந்துவிட்டு, குளிர்ச்சியையும் சாரலையும் நமக்குக் கொணர்கின்றது. இக்காற்றை நாடி மக்கள் மலையேறிய வரலாற்றையும், அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையையும் இன்று கூற விழைகின்றேன்.

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் படை அலுவலர் பழனி மலையை அளந்தாய்ந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களை வாட்டின. நல்ல காற்றை நாடியே அவர்கள் மலையேறினர். மோட்டார்ச் சாலை ஏற்படுமுன், பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் குதிரையிலும் டோலியிலும் சென்றனர். டோலியைத் தோளில் சுமந்து ஏறிய உழைப்பாளிகளின் பெயர்களை நாம் அறியோம். எனினும், அவ்வரலாற்றில் அவர்களுக்கும் பங்குண்டு.

அடுத்து, தெளிந்த வானத்தை நாடி அறிவியல் மலையேறிற்று. சென்னையிலிருந்த வான்நோக்குப் பணி 1899-இல் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், தூசியும் புகையும் குறைந்த அவ்விடம் கதிரவனை ஆராய ஏற்றதாயிற்று. கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் அங்கேதான் கண்டறிந்தார். மாசற்ற காற்று உடலுக்கு நலம் தந்ததோடு, உலகுக்கு அறிவையும் தந்தது.

அக்காற்றின் தூய்மையையும் குளிர்ச்சியையும் காப்பவை சோலைக்காடுகளும் புல்வெளிகளுமே. சோலை மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றது; நிழலாலும் ஈரத்தாலும் வெப்பத்தைத் தணிக்கின்றது. தேயிலைக்காக அச்சோலைகள் பல திருத்தப்பட்டன. டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து, போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக்குக் கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் இறங்கிய காலமும் உண்டு. பிற்காலத்தில் அம்மலைப்பகுதியை இளைஞர்கள் மலையேற்றத்துக்காக நாடத் தொடங்கினர்.

இவ்விடத்தில் ஒரு துயரத்தைச் சொல்லாமல் செல்ல இயலாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேனிலில் புல் சருகாய்க் காய்ந்திருக்கும். தீயின் வெப்பம் மேலெழுந்து, மேற்சரிவிலுள்ள புல்லை இன்னும் உலர்த்தும். ஆதலின் மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பாயும். காற்றும் சேர்ந்துவிட்டால் மனிதன் ஓடித் தப்புதல் அரிது.

தீயால் வரும் கேடு மலையோடு நிற்பதன்று. இரவில் சரிவிலுள்ள குளிர்காற்று கனத்துக் கீழிறங்கிப் பள்ளத்தாக்கில் தங்கும். அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமையும். அப்பொழுது காட்டுத்தீயின் புகையும், ஊரில் குப்பை எரித்த புகையும் கலையாமல் கிடந்து நம் மார்பில் புகும். மலையின் காற்று வேறு, ஊரின் காற்று வேறு என்று எண்ணுதல் பிழை.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் மாணவர் சிலரை அடிவாரக் காட்டுக்கு அழைத்துச் சென்றேன். மதிய உணவைச் சூடாக்கச் சிறுவர்கள் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டினர், நானும் தடுக்கவில்லை. ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் ஓடிவந்து பச்சைத் தழையால் அடித்து அதனை அணைத்தார். “நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவீங்க ஐயா, நாங்க இங்கேதான் இருக்கணும்” என்றார். கற்பிக்கச் சென்ற நான் அன்று கற்றுக்கொண்டு திரும்பினேன்.

குரங்கணித் துயரத்திற்குப்பின் மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 1,016 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. 2024-இல் வழிகாட்டிகளுடன் கூடிய 40 மலையேற்றப் பாதைகளை அரசு அறிவித்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், காவலர் இல்லாத இடத்தில் விதியைக் காப்பது செல்வோர் மனமேயன்றோ?

ஆகவே, இளைஞர்களே, மலையேறுங்கள். உடல் உரம் பெறும், உள்ளம் விரியும். ஆனால் இசைவின்றிக் காட்டினுள் நுழையாதீர்கள். தீக்குச்சியைக் கொண்டு செல்லாதீர்கள். பிளாஸ்டிக்கை மலையில் விட்டு வாராதீர்கள். நீங்கள் ஒரு பகல் நுகர்ந்து திரும்பும் காற்று, அங்கு வாழ்வோர்க்கு ஆயுள் முழுதும் மூச்சு.