சிறகு விளக்கின் வரலாறு

அந்தி மயங்கியபின் ரேணிகுண்டாவில் இறங்கும் விமானத்தைத் திருப்பதி செல்லும் நேயர்கள் கண்டிருக்கக் கூடும். இடச் சிறகில் சிவப்பு, வலச் சிறகில் பச்சை, வாலில் வெள்ளை. கப்பலிடமிருந்து பெற்ற இவ்வழக்கத்தை 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை சர்வதேச விதியாக்கிற்று. வலப்புறமிருந்து குறுக்கே வருவோரின் சிவப்பு விளக்கு தெரிந்தால், வழிவிட வேண்டியவர் நாமே. அவ்விளக்கு அணைந்திருந்தால்?

அணைவது அரிதன்று. வெண்சூடேறிய டங்ஸ்டன் இழை ஆவியாகித் தேயும். சிறு விமானத்தின் ஓயாத அதிர்வு அதனை முறிக்கும். 1959-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹாலஜன் விளக்கு, ஆவியான உலோகத்தை அயோடினைக் கொண்டு இழைக்கே மீட்டளித்தது. நுட்பமான ஏற்பாடுதான், எனினும் முறியக்கூடிய இழை இருக்கவே செய்தது. அன்றியும், வெள்ளொளியை உண்டாக்கிப் பின் சிவப்புக் கண்ணாடியால் அதன் பெரும்பகுதியைத் தடுப்பது என்ன சிக்கனமோ!

1962-இல் நிக் ஹோலோனியாக் என்பார் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி டையோடை ஆக்கினார். அதில் இழையில்லை, நிறமோ பிறவியிலேயே அமைந்தது. வெள்ளொளிக்கு வேண்டிய பிரகாசமான நீல டையோடுக்கு 1990களின் தொடக்கம்வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று சிறு விமானங்கள் பலவற்றில் ஹாலஜனைக் கழற்றி டையோடைப் பொருத்துகின்றனர். ஆனால் டையோடுக்கு வெப்பம் ஆகாது. சித்தூர்ச் சீமையின் கோடையோ 40 பாகையைத் தாண்டும். இழைபோல் சட்டென அறுந்துவிடாமல், டையோடு பெரும்பாலும் மெல்ல மெல்ல மங்கும். ஆகவே பராமரிப்போர், விளக்கு எரிகிறதா என்பதோடு அதன் பொலிவையும் காலந்தோறும் சோதிக்க வேண்டியிருக்கிறது.