கதவு, எண், பெயர்

ஒரு நகரத்தை ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடலாம் என்பதற்குள் ஒரு சரித்திரப் பார்வை ஒளிந்திருக்கிறது. பஸ் எங்கே நிற்கவேண்டும், எதை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், எந்தத் தெருவுக்குள் நுழையவே வேண்டாம் என்பதையெல்லாம் யாரோ முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். பயணிக்குக் கிடைப்பது இந்தத் தீர்மானம்தான். நகரம் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

சிலியின் தலைநகர் சாண்டியாகோவை இப்படித்தான் நான் பார்த்தேன். எங்கள் வழிகாட்டி விஷயம் தெரிந்தவர். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. அதனாலேயே அவர் விட்டுவிட்டவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலில் சாந்தா லூசியா குன்று. 1541 பிப்ரவரி 12 அன்று பெட்ரோ டி வால்டிவியா இதன் அடிவாரத்தில் நகரத்தை ஸ்தாபித்தான். ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்களுக்கு இது ஹுவெலென். ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, மிச்சிமலோன்கோவின் தலைமையில் அவர்கள் வந்து ஊரை எரித்தார்கள். இப்போது குன்றில் இருப்பவை படிக்கட்டுகளும் நீரூற்றும் மொட்டைமாடங்களும். 1872இல் தொடங்கி இவற்றைக் கட்டுவித்த நகர நிர்வாகி பெஞ்சமின் விகுன்யா மக்கென்னா ஒரு சரித்திராசிரியர். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களைப் புதைத்த சரிவு இது. சரித்திரம் எழுதியவரே அதன்மேல் பூங்கா போட்டார். வழிகாட்டி பூங்காவைக் காட்டினார்.

அடுத்து லா மொனேடா. நாணயம் அச்சடிக்க ஹோவாகின் தோயெஸ்கா என்ற இத்தாலியர் வரைந்த கட்டடம். 1805இல் முடிந்தது, பின்னர் ஜனாதிபதியின் மாளிகையாயிற்று. முன்புறம் காவல் மாற்றும் சடங்கு. வாத்தியம், குதிரைகள், காமிராக்கள். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கவேண்டியது பக்கவாட்டில் இருக்கிறது.

மொரான்டே தெரு, எண் 80. சிறிய கதவு. ராணுவ மரியாதை ஏதுமின்றி, சாதாரணப் பிரஜைபோல ஜனாதிபதிகள் வந்துபோன வழி. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியின் விமானப்படையே மாளிகைமீது குண்டு வீசியது. உள்ளே சல்வடோர் அயெண்டே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். 2011இல் உடலைத் தோண்டியெடுத்து நடந்த பரிசோதனையும் இதை உறுதி செய்தது. அவர் உடலை இந்தக் கதவு வழியாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மாளிகையைப் பழுதுபார்த்தபோது ராணுவ அரசு கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தது. 2003 செப்டம்பர் 11 அன்று ஜனாதிபதி ரிக்கார்தோ லாகோஸ் அதை மறுபடி திறந்தார்.

ஒரு சர்வாதிகாரம் கதவைக் கண்டு பயப்படுவது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான பயமாகவே படுகிறது. சிலையை வணங்கலாம், உடைக்கலாம். அது எப்படியும் சொற்பொழிவுதான். கதவு அப்படியில்லை. யார் வந்தார்கள், யாரைத் தூக்கிச் சென்றார்கள் என்பதை அது இருப்பதே சொல்லிவிடுகிறது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான் தனியாக லோண்டிரெஸ் தெருவுக்கு நடந்தேன். மாளிகையிலிருந்து நடக்கும் தூரம்தான். 38ஆம் எண் வீடு சோஷலிஸ்ட் கட்சிக்குச் சொந்தமாக இருந்தது. பினோசெட்டின் ரகசியப் போலீஸ் அதைப் பிடுங்கிச் சித்திரவதைக்கூடமாக்கியது. அங்கிருந்து கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களுமாக 98 பேர். கண்கட்டுக்குக் கீழே கிடைத்த இடுக்கில் கைதிகள் பார்த்துவைத்த கறுப்பு வெள்ளைத் தரைக்கற்களைக் கொண்டுதான் வீடு அடையாளம் காணப்பட்டது. அரசு என்ன செய்தது? வீட்டு எண்ணை 40 ஆக்கியது. 38 என்று யாராவது சாட்சி சொன்னால் அப்படி ஒரு வீடே தெருவில் இல்லை என்றாகிவிடும். இன்று வாசலில் இறந்தவர்களின் பெயர்கள் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. பஸ் அங்கே போவதில்லை. தெரு குறுகல் என்பதும் உண்மைதான்.

மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒரு பெரிய கலாச்சார மையம். ஐ.நா. வர்த்தக மாநாட்டுக்காக 275 நாட்களில் கட்டி, 1972இல் திறந்த கட்டடம். மாநாடு முடிந்ததும் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ரலின் பெயரைப் பெற்றது. மொனேடா எரிந்துபோனதால் ராணுவக் குழு இங்கிருந்து ஆண்டது. கவிஞரின் பெயரை நீக்கி, 19ஆம் நூற்றாண்டு மந்திரி தியேகோ போர்ட்டாலெஸின் பெயரைச் சூட்டியது. 2006இல் ஒரு பகுதி தீக்கிரையானது. 2010இல் மிஸ்த்ரல் திரும்பினார். பிராவிடென்சியாவில் 1980இல் 'செப்டம்பர் 11' என்று பெயரிட்ட பெருஞ்சாலைக்கும் 2013இல் பழைய பெயர் திரும்பியது.

கடைசி நிறுத்தம் நெரூதாவின் வீடு, லா சஸ்கோனா. இங்கே வழிகாட்டி தாராளமாகப் பேசினார். மத்தில்தேயின் கலைந்த தலைமுடியிலிருந்து வீட்டுக்குப் பெயர் வந்தது, படகுபோன்ற அறைகள், காதல். கலகத்துக்குப்பின் வீடு சூறையாடப்பட்டதையும், 1973 செப்டம்பர் 23 அன்று இறந்த கவிஞரின் உடல் உடைந்த கண்ணாடிகளுக்கிடையே கிடத்தப்பட்டதையும்கூடச் சொன்னார். நெரூதாவை மொழிபெயர்த்தும் படித்தும் வளர்ந்த நாம் இதைக் கவனிக்கவேண்டும். நாள் முழுவதும் தவிர்த்துவந்த அரசியலைப் பேசக் கவிஞனின் வீடு தோதான இடமாகிவிடுகிறது. அங்கே எல்லாமே சோகமாகிவிடும்; யாருக்கும் பொறுப்பில்லை.

கதவைத் திறந்தாயிற்று, எண் மீண்டுவிட்டது, பெயர்கள் திரும்பிவிட்டன. இவற்றைச் சிறியவை என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் பல வருஷம் போராடியிருக்கிறார்கள். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1980 செப்டம்பர் 11 அன்று பினோசெட் தன் அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார். 1981 மார்ச் 11 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. செப்பனிட்ட மொனேடாவுக்குள் அவர் நுழைந்ததும் அதே நாளில்தான். 1990இல் அவர் பதவியிலிருந்து போனார். சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் இருக்கிறது. புதிதாக எழுதிய இரண்டு வரைவுகளை, 2022இல் ஒன்றும் 2023இல் ஒன்றுமாக, மக்களே வாக்களித்து நிராகரித்தார்கள். அவற்றில் முதலாவது இடதுசாரிகள் சாய்வில் எழுதியது, இரண்டாவது வலதுசாரிகளுடையது.

இதற்கு யாரைக் குறைசொல்வது என்று எளிதாகத் தீர்ப்பளிக்க முடியாது. மூடிய கதவை ஒரு ஜனாதிபதியின் உத்தரவில் திறந்துவிடலாம். அந்த மாளிகைக்குள் ஒரே நாளில் நுழைந்த இரண்டில் ஒன்று இன்னும் வெளியேறவில்லை. அதற்கான கதவு மொரான்டே தெருவில் இல்லை.