கோடித் துணியில் பாக்கெட் கிடையாது

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம்தான் முதல் தடவையாக ஒரு யூதர் வீட்டுத் துக்கத்துக்குப் போனேன். எங்கள் கிளையில் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவரின் அம்மா தவறிவிட்டார். பெனே இஸ்ரேல் குடும்பம். கொங்கணக் கிராமங்களில் செக்கு ஓட்டிய யூதர்கள் இவர்கள். சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள் என்பதால் 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அக்கம்பக்கத்தில் பெயர். வீட்டில் பேசுவது மராத்தி.

அடக்கம் முடிந்து ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் காக்கிறார்கள். ஷிவா என்று பெயர். ஹீப்ருவில் ஏழு என்று அர்த்தம். மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தேன். துக்கக்காரர் வாயைத் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாதாம். நல்லதாகப் போயிற்று, எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "அம்மாவுக்குச் சாதா வெள்ளைத் துணிதான். பணக்காரன், ஏழை எல்லாருக்கும் அதேதான். அதில் பாக்கெட் வைத்துத் தைக்க மாட்டோம்" என்றார்.

பாக்கெட் விஷயம் மண்டைக்குள் ஏறிக்கொண்டது. பேங்க்காரன் ஆச்சே! வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

தால்முத் என்பது யூதர்களின் பெரிய சட்டத் தொகுப்பு. பாபிலோனில் தொகுத்த தால்முத் சுமார் கி.பி. 500 வாக்கில் முடிந்தது. துக்க வழக்கங்கள் ஒவ்வொன்றும் எப்படி மாறின என்று அதில் வரிசையாக வருகிறது. முன்பெல்லாம் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது பணக்காரர்கள் வெள்ளி, தங்கக் கூடையில் கொண்டு போவார்கள். ஏழைகள் மரக்குச்சியில் பின்னிய கூடையில். ஏழைகள் கூசிப் போனார்கள். அதனால் எல்லாரும் குச்சிக் கூடையிலேயே கொண்டு போகவேண்டும் என்று விதி வந்தது. பணக்காரர் பிணத்துக்கு முகம் திறந்திருக்கும். பஞ்சத்தில் கறுத்துப்போன ஏழை முகத்தை மூடுவார்கள். இனி எல்லார் முகத்தையும் மூடு என்றார்கள். பாடையும் அப்படித்தான். பணக்காரருக்கு அலங்காரக் கட்டில், ஏழைக்குச் சாதாப் பாடை. எல்லாருக்கும் சாதாப் பாடை என்றானது.

கவனித்தீர்களா? ஏழையை மேலே ஏற்றவில்லை. பணக்காரரைக் கீழே இறக்கினார்கள்.

கடைசியில் வருவது செலவு. சாவைவிட அடக்கச் செலவு பெரும் பாரமாகி, சொந்தக்காரர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலைமை வந்துவிட்டதாம். அப்போதுதான் ரப்பான் கமாலியேல், என்னைச் சாதா லினன் துணியில் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சமூகத்துக்கே தலைவர் அவர். தமிழ் பைபிளில் பவுலின் குருவாக ஒரு கமாலியேல் வருகிறாரே, அவருடைய பேரன் இவர் என்பது பொதுவான கருத்து. கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயில் இடிந்த பிறகு வாழ்ந்தவர். தலைவருக்கே அப்படி என்றதும் ஊரும் அப்படியே செய்தது. நான்காம் நூற்றாண்டில் ரப் பாப்பா என்ற அறிஞர், இப்போது ஒரு சூஸ் விலையுள்ள முரட்டுத் துணியே வழக்கம் என்கிறார். சூஸ் என்பது அந்தக் கால வெள்ளிக்காசு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துக்க வீட்டில் குடிக்கும் திராட்சை ரசத்தில் கமாலியேல் பெயரால் ஒரு கோப்பை கூட்டினார்கள். இப்படியே பலர் பெயரால் பத்து கோப்பை பதினாலு ஆகி, ஜனங்கள் போதையில் தள்ளாட, பழையபடி பத்துக்கே வந்தார்களாம்!

நான் யோசித்தது இதுதான். செலவைக் குறைக்கலாம் என்று ஏழை சொன்னால் 'பெற்றவளுக்குச் செய்ய மனசில்லை' என்பார்கள். செய்ய முடிந்தவர்தான் முதலில் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதுவும் தன் சாவுக்கு.

2014-ல் அப்பா தவறியபோது நான் நேர்மாறாகச் செய்தேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சி. போனிலேயே தம்பியிடம், "எதிலயும் குறை வைக்காதே" என்றேன். பூப்பல்லக்கு, மேளம், வெடி, பதினாறாம் நாள் ஊருக்கே சாப்பாடு. மூத்தவன் வடக்கே பேங்க் ஆபிசர் என்று ஊருக்குத் தெரியுமே! நான் அனுப்பிய பணம் போதவில்லை. தம்பி வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அவன் பெண்டாட்டியின் செயின் ஏலத்துக்கு வரப்போகிறது என்று நோட்டீஸ் வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் நகைக்கடன் ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவன் நான். 'எதற்காகக் கடன்' என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதியிருப்பவர்களில் எத்தனை பேர் என் தம்பியோ?

செயினை மீட்டுக் கொடுத்துவிட்டேன். அது பெரிய விஷயமில்லை. அன்று அவன் 'முடியாது அண்ணா' என்று சொல்லமுடியாதபடி செய்தவன் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு வெள்ளை வேட்டி, சாதாப் பாடை, அவ்வளவுதான் என்றேன். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுண்ணா இது?" என்று கோபித்துக்கொண்டான். எழுதியே அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது நான்தானே மூத்தவன்.